‘லைஃப்டைம்’ பெட்டி: பார்ப்பவரைவிட விற்றுக் கொடுப்பவருக்கே பெரிய ஆபத்து

பத்து காஜா – ‘ஒரே ஒரு தடவை பணம் கட்டினால் போதும், ஆயுள் முழுக்கத் தமிழ்ச் சேனல்.’ இந்த விளம்பரத்தைக் கேட்காத தமிழ்க் குடும்பம் கிந்தா வட்டாரத்தில் அதிகம் இருக்காது. கைப்பேசிக் கடையில் சொல்வார்கள், வாட்ஸ்அப் குழுவில் வரும், கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரும் சொல்வார். கையடக்கமான ஒரு கறுப்புப் பெட்டி, ஒரு ரிமோட், தொலைக்காட்சிக்குப் பின்னால் செருக ஒரு கம்பி. அவ்வளவுதான். நாடகம், கிரிக்கெட், கால்பந்து, நேற்று திரையரங்குக்கு வந்த படம் எல்லாம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிடும்.

பெட்டி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ‘பார்த்தால் பிடிப்பார்களா?’ அதற்குப் பதில் இருக்கிறது, கட்டுரையில் பின்னால் வருகிறது. ஆனால் யாரும் கேட்காத இன்னொரு கேள்வி உண்டு. ‘நான் நாலு பேருக்கு வாங்கிக் கொடுத்தால்? பொருத்திக் கொடுத்து ஐம்பது வெள்ளி கூலி வாங்கினால்?’ நாட்டின் சட்டம் அதிகம் கவலைப்படுவது இந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான். நம் ஊர்களில் அந்த இரண்டாவது ஆள் பெரிய முதலாளியாக இருப்பதில்லை. வேலை முடிந்த மாலை நேரத்தில் கைச்செலவுக்குச் சம்பாதிக்கும் இளைஞராகவோ, சொந்தக்காரர்களுக்கு உதவி செய்வதாக நினைக்கும் அண்ணனாகவோதான் இருப்பார்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. திருத்தம் மார்ச் 18ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதில் 43ஏஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. பதிப்புரிமையை மீறுவதற்கான ‘ஸ்ட்ரீமிங் தொழில்நுட்பத்தை’ விற்பனைக்காகத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, வாடகைக்கு விடுவது, விநியோகிப்பது, அதற்கான சேவையை மக்களுக்கு வழங்குவது என எல்லாமே குற்றம். தண்டனை, குறைந்தது 10,000 வெள்ளி, அதிகம் போனால் 200,000 வெள்ளி அபராதம், அல்லது 20 ஆண்டுக்கு மேற்போகாத சிறை, அல்லது இரண்டும்.

இருபது ஆண்டு என்ற எண்தான் செய்திகளில் பெரிதாக வரும். ஆனால் சாதாரண மனிதரைப் பதம் பார்க்கக்கூடியது அந்தக் கீழ்வரம்பு. அபராதம் என்று முடிவானால் நீதிபதி விரும்பினாலும் 10,000 வெள்ளிக்குக் கீழே எளிதில் இறங்க முடியாதபடி சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஆறு மாதச் சம்பளம் போய்விடும். இரண்டு பெட்டி விற்று நூறு வெள்ளி லாபம் பார்த்தவரும் அதே பிரிவின் கீழ்தான் நிற்க வேண்டும். நிறுவனமாக இருந்தால் இயக்குநர், நிர்வாகி போன்றவர்களும் சேர்ந்து பொறுப்பேற்க நேரிடும். ‘கடை என் பெயரில் இருக்கிறது, வியாபாரத்தைப் பையன்தான் கவனித்தான்’ என்பது அவ்வளவு சுலபமாகத் தப்பிக்கும் வழி அல்ல.

இங்கே சொல் பற்றி ஒரு சிறு குறிப்பு. இதைப் பலரும் ‘காப்புரிமைச் சட்டம்’ என்று எழுதுகிறார்கள். காப்புரிமை என்பது புதிய கண்டுபிடிப்புக்குக் கிடைப்பது. படம், பாட்டு, புத்தகம், ஒளிபரப்பு ஆகியவற்றுக்கு உள்ளது பதிப்புரிமை. மலாயில் திருட்டுப் பிரதியை ‘செத்தாக் ரொம்பாக்’ என்பார்கள். கொள்ளையடித்து அச்சிட்டது என்று பொருள். அச்சடிப்பே இல்லாத காலத்திலும் அந்தச் சொல் நிலைத்துவிட்டது.

அச்சு போனது ஒரே நாளில் நடந்ததல்ல. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தை இன்னும் நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் பத்து காஜா, கோப்பேங், பூசிங் பக்கங்களில் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு வாடகை வீடியோ கேசட் வந்தது. ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுத்தால் படம் மங்கும், ஒலி இரையும். அந்த மங்கலே ஒருவகையில் திருட்டுக்குத் தடையாக இருந்தது. விசிடி வந்ததும் அந்தத் தடை நீங்கியது. ஆயிரமாவது நகலும் முதல் நகல் போலவே இருந்தது. இரவுச் சந்தையில் மேசை போட்டு விற்ற காலம் அது. அரசாங்கம் 2000ஆம் ஆண்டில் ஒளிவட்டுகளுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்து, வட்டு தயாரிக்கும் ஆலைகளுக்கு உரிமம் கட்டாயம் என்றது. அந்தச் சட்டம் வட்டைத் தேடியது. ஆனால் சில ஆண்டுகளில் வட்டே காணாமல் போய்விட்டது.

இன்றைய பெட்டியில் படம் இல்லை. இதைப் புரிந்துகொண்டால்தான் சட்டம் ஏன் இப்படி எழுதப்பட்டது என்பதும் புரியும். எங்கோ ஒருவர் முறையாகச் சந்தா கட்டி ஒரு டிகோடர் வைத்திருக்கிறார். அந்த டிகோடரிலிருந்து தொலைக்காட்சிக்குப் போகும் படத்தை ஒரு கருவி பிடித்துக்கொள்கிறது. அது மீண்டும் சுருக்கப்பட்டு, பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் சர்வருக்குப் போகிறது. பத்து காஜாவில் இருக்கும் பெட்டிக்குள் ஒரு செயலி இருக்கிறது; அது அந்த சர்வரைத் தட்டி, ‘இந்த எண்ணுக்குப் பணம் கட்டியாகிவிட்டதா?’ என்று கேட்கிறது. ஆம் என்றால் கதவு திறக்கும். பெட்டி வெறும் சாவி. வீடு வேறு எங்கோ இருக்கிறது.

இதன் வியாபாரம் மரக்கிளை போலப் பிரிகிறது. சர்வர் வைத்திருப்பவர் மொத்தமாகக் ‘கிரெடிட்’ விற்பார். அதை வாங்குகிறவர் அடுத்த நிலையில் இருப்பவருக்கு விற்பார். கடைசிக் கிளையில் இருப்பவர்தான் வீட்டுக்கு வந்து பெட்டியைப் பொருத்தித் தருபவர். மேலே இருப்பவரின் முகமோ பெயரோ இவருக்குத் தெரியாது. ஆனால் வீட்டுக்காரருக்குத் தெரிந்த முகம், பண மாற்றத்தில் பதிவாகும் வங்கிக் கணக்கு, விளம்பரத்தில் இருக்கும் தொலைபேசி எண் எல்லாம் இவருடையவை. விசாரணை வந்தால் முதலில் கைக்கு எட்டுவது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சந்தா கட்டிய டிகோடரைத் திருட்டுக்குக் கொடுத்தவரும் ஒளிந்துகொள்ள முடியாது. கட்டணத் தொலைக்காட்சி நிறுவனங்கள் சில நேரங்களில், குறிப்பாகப் பெரிய ஆட்டங்களின்போது, திரையில் ஒரு எண்ணைத் தோன்றவைக்கும். அது எந்த டிகோடரிலிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். கண்ணுக்குத் தெரியாத வகையில் படத்துக்குள்ளேயே குறியைப் பதிக்கும் முறைகளும் உண்டு.

2022 திருத்தத்துக்கு முன்பே இந்த விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. உரிமம் இல்லாத படைப்புகளைப் பார்க்க வழிசெய்யும் தொலைக்காட்சிப் பெட்டிகளை விற்பதும் விநியோகிப்பதும் பதிப்புரிமை மீறலே என்று கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் 2021ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அதுவரை விற்பனையாளர்கள் சொல்லி வந்த வாதம் ஒன்றுதான்: ‘நான் விற்றது வெறும் பெட்டி, அதற்குள் என்ன வருகிறது என்பது என் பொறுப்பல்ல.’ தீர்ப்பு அந்த வாதத்தின் வலுவைக் குறைத்தது. அடுத்த ஆண்டு வந்த திருத்தம் அதற்குச் சட்டத்திலேயே முற்றுப்புள்ளி வைக்கப் பார்த்தது.

பதிப்புரிமைச் சட்டத்தோடு கதை முடியவில்லை. 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டம் இருக்கிறது. முன்னது படைப்பைத் திருடுவதைப் பார்க்கிறது. பின்னது சேவையைத் திருடுவதைப் பார்க்கிறது. இரண்டும் ஒன்றல்ல. உரிமம் பெற்ற நிறுவனம் கட்டணத்துக்குத் தரும் சேவையை நேர்மையற்ற வழியில் பெறுவது, அப்படிப் பெறுவதற்கான கருவியை வைத்திருப்பது, தரநிலைச் சான்று இல்லாத தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது ஆகியவை இதன் எல்லைக்குள் வருகின்றன. கடையில் வாங்கும் ஆண்ட்ராய்டு பெட்டியில் சிரிம் சான்றுக்கான முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். இந்தச் சட்டமும் 2025ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, பல குற்றங்களுக்கான அபராதம் உயர்த்தப்பட்டது.

அப்படியானால் ஆண்ட்ராய்டு பெட்டி வைத்திருப்பதே குற்றமா? இல்லை. சான்று பெற்ற பெட்டியில் யூடியூப் பார்க்கலாம், முறையாகச் சந்தா கட்டிய செயலிகளைப் பயன்படுத்தலாம். பெட்டிக்குள் ஏற்றப்பட்டிருக்கும் செயலிதான் வேறுபாடு. பெட்டியைச் சான்றோடு வாங்கி, பிறகு யாரோ ஒருவர் அனுப்பிய ‘ஏபிகே’ கோப்பைப் போட்டுத் தரும் வேலைதான் இப்போது அதிகம் நடக்கிறது. அந்த வேலையைக் கூலிக்குச் செய்பவர் ‘சேவை வழங்கியவர்’ என்ற சொல்லுக்கு ஆபத்தான அளவுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

இனி, வீட்டில் பார்ப்பவரின் கேள்வி. 43ஏஏ பிரிவில் வரிசையாக வரும் வினைச்சொற்கள் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, வாடகை, விநியோகம், சேவை என்பவை. ‘பார்த்தல்’ அந்த வரிசையில் இல்லை. அதே சட்டத்தின் 41ஆம் பிரிவும் திருட்டுப் பிரதியை வைத்திருப்பதைக் குற்றமாக்கும்போது, சொந்த வீட்டுப் பயன்பாட்டுக்கு வைத்திருப்பதை விலக்கிவிட்டே பேசுகிறது. ஆக, கூடத்தில் உட்கார்ந்து நாடகம் பார்க்கும் பாட்டியை இந்தப் பிரிவு தேடி வரவில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு ‘பார்ப்பது சட்டப்படி சரி’ என்று முடிவு கட்டுவது தவறு. சேவையை நேர்மையற்ற வழியில் பெறுவது பற்றி மேலே சொன்ன 1998ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருக்கிறது.

வீடு என்ற எல்லை தாண்டினால் நிலைமை உடனே மாறிவிடுகிறது. இதில் நம்மவர்களின் சாப்பாட்டுக் கடைகள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வீட்டுக்கென்று எடுத்த ஆஸ்ட்ரோ டிகோடரைக் கடைக்குக் கொண்டுவந்து, பெரிய திரையில் கால்பந்து போட்டுக் கூட்டம் சேர்ப்பது பலருக்குத் தப்பாகவே தெரிவதில்லை. ‘மாதா மாதம் காசு கட்டுகிறேனே, பிறகென்ன?’ என்பார்கள். அந்தச் சந்தா வீட்டுக்கு மட்டும்தான். வணிக நிலையங்களுக்குத் தனிச் சந்தா இருக்கிறது, விலையும் வேறு. ஒரு படைப்பைப் பொதுமக்களுக்குக் காட்டும் உரிமை பதிப்புரிமைச் சட்டத்தில் தனியாக உரிமையாளருக்கே தரப்பட்டிருக்கிறது. இந்தக் காரணத்துக்காக உணவகங்கள் மீது ஆஸ்ட்ரோ நீதிமன்றம் போன செய்திகள் கடந்த சில ஆண்டுகளில் வந்திருக்கின்றன. ஒரு இறுதியாட்ட இரவில் விற்ற ரொட்டி, தே தாரிக் லாபத்தை வைத்து அந்தச் செலவை ஈடுகட்ட முடியாது.

ஆலயமோ, தாமான் சங்கமோ மண்டபத்தில் படம் போட்டுக் காட்டுவதும் பொதுக் காட்சியே. இங்கே சட்டம் கொஞ்சம் இளகுகிறது. லாப நோக்கமில்லாத சங்கம் அல்லது நிறுவனம், அறப்பணிக்காகவோ கல்விக்காகவோ, நுழைவுக் கட்டணம் வாங்காமல் காட்டினால் அதற்கு விலக்கு உண்டு. நிதி திரட்ட டிக்கெட் விற்றுப் படம் காட்டுவது அந்த விலக்குக்குள் வராது. நல்ல காரியத்துக்குத்தானே என்பது நீதிமன்றத்தில் எடுபடாமல் போகலாம்.

திரையரங்குக்குள் கைப்பேசியைத் தூக்குவது பற்றியும் சொல்லியாக வேண்டும். தீபாவளி, பொங்கல் வெளியீடுகளின்போது ஈப்போ திரையரங்குகளில் நாயகன் திரையில் தோன்றும் காட்சிக்கு விசில் பறக்கும். கூடவே பல கைகளில் கைப்பேசிகள் உயரும். முழுப் படத்தைத் திருடும் எண்ணம் யாருக்கும் இல்லை, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு முப்பது வினாடி போதும். ஆனால் 2012 திருத்தத்தில் வந்த 43ஏ பிரிவு, திரையரங்குக்குள் படத்தை ‘முழுமையாகவோ பகுதியாகவோ’ பதிவு செய்வதைக் குற்றம் என்கிறது. அபராதம் 10,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரை, அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். முப்பது வினாடியும் ஒரு பகுதிதான்.

இந்தக் கடுமை மலேசியாவுக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்ப் படங்களின் தாய்நிலமான தமிழ்நாட்டில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள் போன்றோரை வழக்கு விசாரணைக்கு முன்பே அடைத்துவைக்க 1982ஆம் ஆண்டில் ஒரு மாநிலச் சட்டம் வந்தது. மக்கள் அதைக் ‘குண்டர் சட்டம்’ என்பார்கள். 2004ஆம் ஆண்டில் திருட்டு வீடியோ தயாரிப்போரும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். படத் திருட்டைச் சாராயம் காய்ச்சுவதோடு ஒரே வரிசையில் வைத்த சட்டம் அது.

பயன் என்ன? அந்தச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில்தான் ‘தமிழ்ராக்கர்ஸ்’ என்ற பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது. மலேசியாவிலேயே பெரும்பகுதி படமாக்கப்பட்டு, 2016 ஜூலையில் வெளிவந்த ‘கபாலி’க்காகத் தயாரிப்பாளர் கலைப்புலி எஸ்.தாணு முன்கூட்டியே சென்னை உயர்நீதிமன்றம் சென்று இணையத் தளங்களை முடக்க உத்தரவு வாங்கினார். 2018 நவம்பரில் ‘2.0’ படத்துக்காக 12,000க்கும் அதிகமான தளங்களை முடக்கும்படி அதே நீதிமன்றம் உத்தரவிட்டது; அவற்றில் 2,000க்கும் மேற்பட்டவை தமிழ்ராக்கர்ஸ் தொடர்புடையவை. அதே ஆண்டு மார்ச்சில் அந்தத் தளத்தோடு தொடர்புடையவர்களைக் கேரளப் போலீஸ் கைது செய்திருந்தது. தளம் பெயரின் கடைசி எழுத்துகளை மாற்றிக்கொண்டு மறுபடி மறுபடி வந்தது. பிறகு இந்திய மத்திய அரசு 2023ஆம் ஆண்டில் திரைப்படச் சட்டத்தைத் திருத்தி, மூன்று மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறை, குறைந்தது மூன்று லட்சம் ரூபாயிலிருந்து படத்தின் தணிக்கை செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் ஐந்து விழுக்காடு வரை அபராதம் என்று வைத்தது.

தண்டனையின் அளவு ஒரு பக்கம் இருக்க, சட்டத்தின் சொற்கள் எவ்வளவு அகலமாக இருக்கின்றன என்பதும் முக்கியம். மலேசியத் திருத்தத்தில் ‘ஸ்ட்ரீமிங் தொழில்நுட்பம்’ என்பதற்குள் கணினி நிரல், கருவி, அதன் பாகம் எல்லாமே அடங்கும், அது பதிப்புரிமை மீறலுக்கு இட்டுச் சென்றால். அகலமான வலை வீசினால் பெரிய மீன் தப்பாது என்பது உண்மை. ஆனால் வலையில் வேறு எதுவும் சிக்கலாம். அமெரிக்கா இதை இருபது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது. 2000களின் தொடக்கத்தில் அங்கே கேபிள், திரைப்பட நிறுவனங்களின் தூண்டுதலில் பல மாநிலங்கள் ‘தொடர்புச் சேவைத் திருட்டு’க்கு எதிரான சட்டங்களை இயற்றின. 2003 மார்ச் இறுதியில் நடப்புக்கு வந்த மிச்சிகன் மாநிலச் சட்டம், ஒரு தகவல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை மறைக்கும் கருவிகளையும் தடை செய்தது. அந்த வாசகத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், வீட்டு இணையத்தைப் பாதுகாக்கும் ஃபயர்வாலும் குற்றமாகிவிடும்! மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கணினிப் பாதுகாப்பு ஆய்வு செய்துகொண்டிருந்த நீல்ஸ் ப்ரோவோஸ் என்ற முனைவர் பட்ட மாணவர் தம் ஆய்வு நிரல்களை நாட்டுக்கு வெளியே உள்ள சர்வருக்கு மாற்றினார். பிரின்ஸ்டன் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன் இந்தச் சட்டங்களைப் பட்டியலிட்டுக் கடுமையாக விமர்சித்தார். கொலராடோவில் இதேபோன்ற மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தர மறுத்துவிட்டார்.

மலேசியச் சட்டம் அந்த அளவுக்குப் போகவில்லை. பதிப்புரிமை மீறலோடு தொடர்பு இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருக்கிறது. இருந்தாலும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க்கைத் தள்ளிவிடுவது விநியோகமா? தெரியாமல் செய்த நிர்வாகியின் நிலை என்ன? இவை ஒவ்வொரு வழக்கின் விவரத்தையும் பொறுத்து முடிவாக வேண்டியவை. நீதிமன்றத்தையும் சிறைச்சாலையையும் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே அருகருகே வைத்துப் பழகிய பத்து காஜாவில், அந்த முடிவுக்காகக் காத்திருப்பதன் மன உளைச்சல் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

அப்படியிருந்தும் மக்கள் ஏன் பெட்டியை வாங்குகிறார்கள் என்பதையும் நேர்மையாகப் பேச வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயன் வீடுகளிலிருந்து தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்த குடும்பங்களில், பகல் முழுக்கத் தனியாக இருக்கும் பெரியவர்களுக்குத் தமிழ்த் தொலைக்காட்சிதான் பேச்சுத்துணை. மாதச் சந்தாவில் தமிழ்த் தொகுப்பு, விளையாட்டுத் தொகுப்பு, அதற்கு மேல் படத்துக்கு ஒரு செயலி, இன்னொரு படத்துக்கு இன்னொரு செயலி என்று கூட்டிக்கொண்டே போனால் மின்கட்டணத்தையும் தாண்டிவிடும். ஒரு படம் எந்தச் செயலியில் இருக்கிறது என்று தேடுவதே ஒரு வேலை. திருட்டுப் பெட்டி விற்பவர் அந்த இடைவெளியைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். சட்டத்தை மட்டும் கடுமையாக்கிவிட்டு இந்த இடைவெளியை அப்படியே விட்டுவைத்தால் கடைசிக் கிளையில் நிற்கும் இளைஞர்கள்தான் மாட்டிக்கொண்டே இருப்பார்கள், மரம் எங்கோ வளர்ந்துகொண்டே இருக்கும்.

இழப்பு யாருக்கு என்று கேட்டால் பெரும்பாலும் சென்னையின் பெரிய நடிகர்களையே சொல்வார்கள், ‘அவர்களுக்கென்ன குறை?’ என்றும் சேர்த்துக்கொள்வார்கள். உள்ளூர்ப் படைப்பாளி அந்தக் கணக்கில் வருவதேயில்லை. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ 2015ஆம் ஆண்டில் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் 1990களின் வாழ்க்கையைச் சொன்ன படம். மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருதை வென்றது. இப்படிப்பட்ட படத்துக்கு உலகச் சந்தை கிடையாது, சில மாநிலங்களில் சில அரங்குகள், சில வாரங்கள். அங்கே ஆயிரம் பேர் டெலிகிராமில் பார்த்துவிட்டால் அடுத்த படத்துக்கு முதல் போட ஆள் கிடைப்பது கஷ்டம். நம் கதையை நம்மவர் எடுத்தால் நம்மவரே இலவசமாகப் பார்க்கும் நிலை இருக்கிறது. இயக்குநர்கள், இசையமைப்பாளர்கள் தங்கள் படைப்பை மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் தாமாக முன்வந்து பதிவு அறிவிப்பு செய்துகொள்ளலாம். பதிப்புரிமை கிடைக்க அது கட்டாயமல்ல; ஆனால் வழக்கென்று வந்தால் ‘இது என்னுடையது’ என்று காட்ட உதவும்.

பார்ப்பவருக்குச் சட்டத்தைவிடப் பக்கத்தில் இருக்கும் ஆபத்து வேறொன்று. பெயர் தெரியாத நிறுவனங்களின் மலிவுப் பெட்டிகள் சில, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கள்ள நிரலோடு வருகின்றன. ‘பேட்பாக்ஸ்’ என்று பெயரிடப்பட்ட இந்த விவகாரம் 2023ஆம் ஆண்டில் விரிவாக வெளியானது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதன் இரண்டாம் அலை பற்றி எச்சரித்தது. அடுத்த மாதமே கூகுள் நிறுவனம் வழக்குத் தொடுத்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் பாதிக்கப்பட்டதாகச் சொன்னது. அப்படிப்பட்ட பெட்டி வீட்டு இணையத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, அந்த வீட்டின் முகவரியைப் பயன்படுத்தி வேறு யாரோ மோசடி செய்ய வழிவிடும். வீட்டுக்காரர் நாடகம் பார்த்துக்கொண்டிருப்பார், ஒன்றும் தெரியாது.

அதைவிடச் சாதாரணமாக நடப்பது கைப்பேசியில். ‘பெட்டி வேண்டாம்ணே, இந்த ஏபிகேயைப் போடுங்க, ஃபோன்லயே எல்லாம் வரும்’ என்று அனுப்பப்படும் கோப்பு குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். படம் காட்டும் செயலிக்குக் குறுஞ்செய்தி எதற்கு என்று யோசிக்காமல் ‘ஓகே’ அழுத்திவிட்டால், வங்கி அனுப்பும் ரகசிய எண்ணும் அதற்குத் தெரிந்துவிடும். இலவசப் படத்துக்காகச் சேமிப்பையே இழக்கும் வழி இது. பணம் கட்டி வாங்கிய ‘லைஃப்டைம்’ பெட்டியும் சர்வர் மூடப்படும் நாளில் நின்றுவிடும். யாரிடம் போய் முறையிடுவது? திருட்டுச் சேவை நின்றுவிட்டது என்று பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போக முடியுமா!

செலவில்லாமல் முறையாகப் பார்க்க வழியே இல்லை என்பதும் சரியல்ல. 2019 அக்டோபர் இறுதியில் பழைய ஒளிபரப்பு முறை நிறுத்தப்பட்ட பிறகு, மைடிவி டிகோடர் அல்லது புதிய வகைத் தொலைக்காட்சி இருந்தால் ஆர்டிஎம் அலைவரிசைகளை மாதச் சந்தா இல்லாமல் பார்க்கலாம். தமிழ்ச் செய்தியும் அதில் உண்டு. ஆர்டிஎம் கிளிக் செயலியும் இலவசம்தான். பழைய தமிழ்ப் படங்களைப் பல தயாரிப்பு நிறுவனங்கள் தாங்களே யூடியூபில் ஏற்றியிருக்கின்றன. புதுப்படமும் நேரடிக் கால்பந்தும் இதில் வராது. பாட்டிக்குப் பழைய படம் போதும் என்றால் இதுவே போதும்.

ஏற்கெனவே பெட்டிகளை விற்றுவரும் சிறு கடைக்காரர்களும் பகுதிநேர இளைஞர்களும் விளம்பரத்தை எடுத்துவிட்டு, மீதி இருக்கும் வேலையை நிறுத்திக்கொள்வதுதான் முதல் படி. விசாரணைக் கடிதமோ அதிகாரிகளோ வந்துவிட்டால், எதையும் எழுதிக் கொடுப்பதற்கு முன் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். கட்டணம் கட்ட முடியாதவர்கள் சட்ட உதவிக்கு விண்ணப்பிக்கலாம். பதிப்புரிமைச் சட்டத்தை அமல்படுத்துவது உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு. புகார்களுக்கு அதன் இலவசத் தொலைபேசி எண் 1-800-886-800. செயலி மூலம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனது தெரிந்த உடனே, மறுநாள் காலை வரை காத்திருக்காமல், தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கும் வங்கிக்கும் அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தடுக்க முடிந்தால்தான் உண்டு.